உடலுக்கு முன்னால் வந்த பத்திரிகை

1

சென்ற மாதம் எங்கள் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி எரிந்தது. பினாங்கில் கிட்டங்கி எரிவது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. கொப்பரையும் எண்ணெயும் கூரை முட்ட அடைந்து கிடக்கிற இடம், ஒரு பீடி போதும். நான் அந்தக் கம்பெனியில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்று சொல்லுகிற உத்தியோகத்துக்கு இங்கே அதுதான் பெயர். தீ அணைந்த பிறகு உள்ளே போனோம். கதவோரத்தில் ஒரு சுமைகூலி கருகிக் கிடந்தான். அவனைத் தூக்கி வெளியே போட்டவர்களில் நானும் ஒருவன். சட்டைக் கையில் ஒட்டிய கரி வெளுத்த பிறகும் போகவில்லை.

மறுநாள் காலை என் மகன் சாலமோன் வழக்கம்போல இங்கிலீஷ் பத்திரிகையை உரக்க வாசித்தான். அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அப்படி வாசித்துப் பழகச் சொல்லுகிறார்கள். யுத்தச் செய்திகளை வாசித்து, கப்பல் வரவுகளை வாசித்து, கிட்டங்கிக்கு வந்தான். சரக்கு நஷ்டம், கம்பெனியாரின் துரித நடவடிக்கை, உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

"ஒருத்தன் செத்துப் போனான்லே" என்றேன்.

"இல்லப்பா. யாரும் சாகலைன்னு போட்டிருக்கே."

"நான் தூக்கினேன்."

"மயக்கமா இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில பிழைச்சிருப்பான். விசாரிக்காமலா போடுவாங்க?"

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. ரொம்பப் பொறுமையாக, விவரம் தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லுகிற மாதிரிச் சொன்னான். என் தகப்பனாரின் மோவாய் அவனுக்கு. அந்த மோவாயைச் சற்றே தூக்கிக்கொண்டுதான் அவன் பேசினான்.

இந்த வாரம் என் தகப்பனார் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் இதை எழுதுகிறேன். அவர் இருந்தவரை எழுதியிருக்க முடியாது.

2

என் தகப்பனார் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் இருக்கிற ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்தவர். பாதிரி ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் தபாலில் பத்திரிகை வருகிற வீடும் எங்கள் வீடு ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள். அப்பா வேதபுத்தகத்தை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதே மேஜைமேல் பத்திரிகையை விரிப்பார். வேதபாடத்தை எந்த ராகத்தில் வாசித்தாரோ அதே ராகத்தில் பஞ்சு விலையும் கவர்னர் வருகையும் வரும். வாசித்து முடித்து மடிக்கும்போது பெரியவர்கள் "ஆமென்" என்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அதில் சிரிப்பதற்கு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. வெளியூர்க்காரர்கள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் ஜனங்களுக்கு எழுத்து வந்ததே வேதத்தோடுதான். ஒரு வீட்டுக்குள் முதன்முதல் நுழைந்த அச்சடித்த காகிதம் வேதபுத்தகம், அடுத்தது ஞானப்பாட்டு. ஆகவே அச்செழுத்து என்றாலே அதற்குப் பின்னால் யாரோ பொய் சொல்லாதவர் இருக்கிறார் என்று பாட்டன் காலத்திலிருந்து ஊறிப்போயிருந்தது. ஒரு தடவை களக்காட்டுப் பக்கம் நல்ல மழை என்று பத்திரிகையில் வந்தது. அன்று களக்காட்டிலிருந்தே ஒருவர் பெண் பார்க்க வந்திருந்தார்.

"மழையா? ஒரு பொட்டுத் தண்ணி இல்லய்யா, பயிரு கருகுது" என்றார் அவர்.

"நீரு வண்டி ஏறின பொறவு பேஞ்சிருக்கும்வே" என்று ஊரே சேர்ந்து அவருக்குச் சமாதானம் சொன்னது. அவரும் கடைசியில், இருந்தாலும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் போனார்.

பினாங்குக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. ஊர்ப் பத்திரிகையைத் தருவித்து, ஞாயிறு மாலை நம் பக்கத்து ஆட்களைக் கூட்டி வைத்து வாசிப்பேன். ராகம்கூட அப்பாவின் ராகம்தான்.

3

என் தம்பி ஞானமுத்து கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். கோழிச் சண்டைக்குக்கூட நிற்கமாட்டான். சுதேசித் தலைவர்களைப் பிடித்து அடைத்ததற்காகத் திருநெல்வேலியில் ஜனங்கள் கடைகளை மூடிக் கலகம் நடந்த வருஷம் அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தொங்கு விளக்குகளின் கண்ணாடிச் சிம்னிகள் உடைந்து போயிருந்தன. திருநெல்வேலிக்குப் போய் வாங்கிவா என்று அப்பாதான் அவனை அனுப்பினார்.

அவன் வாங்கினான். கடைக்காரன் சிம்னிகளை வைக்கோலில் பொதிந்து பனைநாரால் கட்டிக் கொடுத்திருக்கிறான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற வழியில் கூட்டம் ஓடியது, இவனும் ஓடினான், துப்பாக்கி வெடித்தது. குண்டு முதுகில் பட்டது.

உடலைப் போலீசார் உடனே தரவில்லை. பாளையங்கோட்டையில் ஏதோ விசாரணை, கையெழுத்து, நாளைக்கு வா என்று அலையவிட்டார்கள். அதற்குள் பத்திரிகை வந்துவிட்டது. உடலுக்கு முன்னால் பத்திரிகை வந்து சேர்ந்தது என்பதுதான் எங்கள் குடும்பத்தில் நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம்.

இன்ன ஊர் உபதேசியாரின் குமாரனாகிய வாலிபன் ஒருவன் கண்ணாடிப் புட்டிகளை மூட்டையாகக் கட்டிவந்து அதிகாரிகள்மேல் எறிந்துகொண்டிருக்கையில் சுடப்பட்டான் என்று அதில் இருந்தது.

துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே அப்பா அதை நின்றுகொண்டு வாசித்தாராம், அதே ராகத்தில். மடித்துவிட்டுக் காத்திருந்தாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரே ஆமென் சொன்னார்.

சிம்னி வாங்க அனுப்பினவரே அவர். அவருக்குத் தெரியாததா? "நான் வெளக்குக்குத்தான் அனுப்பினேன். போன எடத்துல அவன் புத்தி மாறிட்டு. நடக்காததையா அச்சடிப்பான்?" என்று சொல்லிவிட்டார். கோயிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், குற்றத்தில் செத்தவனுக்கு உள்ளே இடமில்லை என்கிற விதியை என் மகன் என்பதற்காக மாற்றமுடியாது என்று, உடல் வந்ததும் கல்லறைத் தோட்டத்துக் கீழைச் சுவருக்கு வெளியே குழி தோண்டச் சொன்னார். நாண்டுகொண்டு செத்தவர்களைப் புதைக்கிற இடம் அது. ஜெபம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆர்மோனியம் மூடியே கிடந்தது.

4

பினாங்கில் எனக்கும் முதலில் பத்திரிகைதான் வந்தது. ஞாயிறு மாலை, ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டே போகிறேன், நடுவில் என் வீடு வந்து நிற்கிறது. அத்தோடு பத்திரிகையை மடித்துவிட்டேன். அந்தச் செய்தியை என்னால் நம்பவும் முடியவில்லை, அச்சில் வந்ததை நம்பாமல் இருந்து பழக்கமுமில்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து பல மாதம் தவித்தேன். லீவு கேட்டு மனுப்போட்டேன். வேலைப் பருவம் என்று மறுத்தார்கள்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். மறுத்து ஒரு வரி போடுங்கள், விளக்கு சிம்னியைப் புட்டி என்று எழுதிவிட்டீர்கள் என்று கெஞ்சி எழுதினேன். நமக்குக் கிடைத்த விவரம் சர்க்கார் கச்சேரியிலிருந்தே வந்தது, ஐயமிருந்தால் அங்கே விசாரிக்கவும் என்று பதில் வந்தது. கச்சேரிக்கு எழுதினேன். ஸ்டாம்பு போதவில்லை என்று ஒரு தரம் திரும்பியது. உரிய படிவத்தில் இல்லை என்று ஒரு தரம் திரும்பியது. முடிவில், சம்பவம் குறித்த விவரங்கள் பத்திரிகைகளில் முறைப்படி வெளியாகியுள்ளன, பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு பதில் வந்தது.

பத்திரிகைக்குச் சாட்சி கச்சேரி, கச்சேரிக்குச் சாட்சி பத்திரிகை. குருடனும் குருடனும் கைகோத்துக்கொண்டு எனக்கு வழி காட்டினார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

5

மறு வருஷம் என் மனைவி பாக்கியம் குழந்தை சாலமோனோடு கப்பலேறி வந்தாள். அம்மை நோய்ப் பயத்துக்காகக் கரையிறக்காமல் ஒரு தீவில் வைத்திருந்து, பிறகு அனுப்பினார்கள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், அவள் முதலில் சொன்னது தம்பியைப் பற்றித்தான்.

"தம்பியைக் குளிப்பாட்டினது அத்தையும் நானுந்தான். அந்தக் கட்டு கக்கத்துலயே கெடந்துச்சு. போலீசுக்காரன் எடுத்துப் பாத்துட்டு அங்கனயே போட்டுட்டான் போல. வைக்கோலுக்குள்ள கண்ணாடி பூராவும் நொறுங்கிக் கெடக்கு, ஆனா நாரு முடிச்சு அவுக்கலை. போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கு. எறியணும்னா கட்டை அவுக்காண்டாமா? அத்தை அதை எடுத்துட்டுப் போயி மாமா மூஞ்சிக்கு நேரா நீட்டினாவ."

"அப்பா என்ன சொன்னாவ?"

"உனக்கு வாசிக்கத் தெரியாது, பேசாம இருன்னாவ."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குள் மூன்று தலைமுறைப் பாசி உரிந்து போன மாதிரி ஒரு வெறுமை. ஊர்ப் பத்திரிகைக்குச் சந்தாவை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பையும் நிறுத்தினேன். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஆனால் தம்பி சுவருக்கு வெளியேதானே கிடக்கிறான்? அம்மா ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிற வழியில் அந்தச் சுவருக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதாகப் பாக்கியம் சொன்னாள். என் உண்மை எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? சுவருக்கு உள்ளே அவனைக் கொண்டுவரக்கூடிய மனுஷர் உலகத்தில் ஒருவர்தான். அவர் அச்சைத் தவிர வேறெதையும் கேட்கமாட்டார்.

6

இங்கே அம்பாசமுத்திரத்துப் பிச்சையா என்று எனக்கு ஒரு சிநேகிதர். சொந்தமாகச் சின்ன அச்சுக்கூடம் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கடை விளம்பரமும் அடித்துப் பிழைக்கிறவர். ஒரு மாலை அவரிடம் போய் மனதைத் திறந்து சொன்னேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானாவே? அச்சில வரணும். வந்துட்டுப் போவுது."

"எந்தப் பத்திரிகை போடும்?"

"நீரு என்னவே பச்சப்புள்ள மாதிரி கேக்குதீரு? எழுத்தும் எங்கிட்ட இருக்கு, மையும் இருக்கு. அவனுக்கு மட்டும் வானத்துல இருந்தா எறங்குது?"

நான் எழுதிக் கொடுத்தேன். மேற்படி கலகத்தில் மாண்ட உபதேசியாரின் குமாரன் ஒரு குற்றமும் அறியாதவன் என்றும், அவன் கொண்டுவந்தவை ஆலயத்துக்கு வாங்கிய விளக்கு சிம்னிகள் என்றும், கட்டின நார்முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்ததை நேரில் கண்டவர்கள் சொல்லுகிறார்கள் என்றும், தீர விசாரித்ததில் நமக்குத் தெரியவருகிறது. இப்படி எழுதினபோது 'தீர விசாரித்ததில்' என்கிற சொல் எவ்வளவு சுலபமாகக் கையில் வந்தது என்பதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

பிச்சையா கோத்து முடித்துவிட்டு, "காகிதத்துப் பின்பக்கம் வெறுமையா இருந்தா உம்ம அப்பா கண்டுபிடிச்சிருவாரு. என்ன போட?" என்று கேட்டார்.

"களக்காட்டுப் பக்கம் நல்ல மழைன்னு போடும்" என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகையிலிருந்து கத்தரித்தது போலக் கத்தரித்து, ஒரு வார்த்தையும் கூட எழுதாமல் அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பினாங்குப் பத்திரிகை பார்த்தேன் என்று தொடங்கி, நடந்ததை எழுதியிருந்தார். அதைச் சனிக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு சபைக்கு வாசித்திருக்கிறார். முடிச்சு வருகிற இடத்தை இரண்டு தரம் வாசித்தாராம். திங்கட்கிழமை விடிந்ததுமே கடப்பாரையை எடுத்துப் போய்க் கீழைச் சுவரை அவர் கையாலேயே இடித்திருக்கிறார். தம்பியின் குழியைச் சுற்றி வளைத்து, அவன் உள்ளே வரும்படியாகச் சுவரைத் திரும்பக் கட்டி, ஐயரை வரவழைத்து அடக்க ஆராதனையை முறைப்படி நடத்தியிருக்கிறார்கள். ஊரே பாடியது என்று எழுதியிருந்தார். கடைசியில், களக்காட்டுப் பக்கம் மழை என்று அறிந்து சந்தோஷம் என்றும் ஒரு வரி இருந்தது.

7

சென்ற வருஷம் அப்பா போய்விட்டார். யுத்தத்தால் கப்பல் குறைந்த காலம். அனுமதிச் சீட்டுக்கு ஒவ்வொரு ஆபீசாக நின்று நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பிக்குப் பக்கத்தில் தனக்கு இடம் வேண்டும் என்று கேட்டிருந்தாராம். அந்தச் சுவர் பிதுங்கி நிற்கிற வளைவுக்குள் இருவரும் கிடக்கிறார்கள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுளகை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏலே, அந்தப் பேப்பரு நீ அடிச்சதுதானே?"

"யாரும்மா சொன்னா? பாக்கியம் ஏதும் எழுதினாளா?"

"அவ எழுதினா எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுதது? அதுல முடிச்சு அவுக்கலைன்னு இருந்துச்சு. அதை மெனக்கெட்டுப் பாத்தது நானும் உன் பெஞ்சாதியுந்தான். பேப்பர்க்காரன் எங்கனலே வந்து பாத்தான்?"

"அப்பாட்ட சொன்னியா?"

"சொல்லுவனா? மறுபடி செவரை இடிச்சிருவாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"இதே முடிச்சைத்தாம்லே அன்னைக்கு நான் சொன்னேன். ஒரு வார்த்தை கூடக் கொறைய இல்லை. பெத்தவ கண்ணால பாத்துச் சொன்னது பொம்பளை பேச்சு. நீ கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கள்ளத்தனமா அடிச்சு அனுப்பினது வேதம். அவிய அழுதுக்கிட்டே வாசிச்சாவ. எனக்கு அழுகை வரலை. பொறவு நடந்த அடக்க ஜெபத்துக்கு நான் போகவும் இல்லை."

அம்மா சுகப்படுவாள் என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது சுவர் அல்ல என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. தாலி கட்டினவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அதை எந்த அச்சுக்கூடத்தில் அடித்துக் கொடுப்பது?

8

கிட்டங்கிச் செய்தியை வாசித்த அன்று மாலை சாலமோனிடம் இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பாவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜெபத்தையே இங்கிலீஷில் சொல்லுகிற பிள்ளை, தெருவில் மலாய் பேசுகிறவன், இந்தக் கதை வேறு எதற்கு என்று விட்டுவைத்திருந்தோம்.

கேட்டு முடித்துவிட்டு, "அப்போ நீங்க அடிச்சதும் பொய்ப் பேப்பர்தானேப்பா?" என்றான்.

"ஆமா."

"அப்போ எதை நம்புறது?"

சட்டையை மாட்டு என்று சொல்லி, துறைமுகத்துக்குப் பின்னால் சுமைகூலிகள் குடியிருக்கிற வரிசைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாசலில் ஒரு பெண் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். சாலமோன் அவள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, அவள் புருஷனின் பெயர் என்ன என்று கேட்டான். உடலைத் தூக்கின நான் அதைக் கேட்கவில்லை. ரெங்கன் என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை பத்திரிகை வந்தது. சாலமோன் அதை விரித்தான், உரக்க வாசிக்கவில்லை. அவன் மோவாய் கீழே இறங்கியிருந்தது. நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம்பிக்கை போன ஒரு வீட்டில் காலைப் பொழுது ரொம்ப நிசப்தமாக இருக்கிறது.

இதை வாசிக்கிற நம் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இதுவும் அச்சில்தான் உங்கள் கைக்கு வருகிறது. எழுதினவன் ஒரு தரம் கள்ளப் பத்திரிகை அடித்தவன். ஆகையால் வாசித்து முடித்து ஆமென் சொல்லிவிட வேண்டாம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, கீழைச் சுவர் ஓரிடத்தில் பிதுங்கி நிற்கிற கல்லறைத் தோட்டம் ஒன்றுதான் உண்டு. அதற்கு எதிர்த்த வீட்டில் என் அம்மா இருக்கிறாள். போகிறவர்கள் அவளிடம் கேட்டுப் பாருங்கள். இன்றுவரை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.